பாலாற்றங்கரையில் பாலைத் திணை

இலக்கிய வடிவத்தை ஆராயும் பயிற்சி காலநிலைப் போராட்டத்துக்கும் கைகொடுக்கும் என்ற இலக்கிய ஆய்வாளர் கரோலைன் லெவினின் வாதம், வேலூரில் இருந்து படிக்கும் எனக்கு மிக நெருக்கமானது. காடான முல்லையும் மலையான குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் வறண்ட பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். நிலம் கெடுவதையே வடிவத்துக்குள் வைத்த மரபு நம்முடையது! வகுப்பிலோ திணையின் கூறுகளை முதல், கரு, உரி என மதிப்பெண்ணுக்காக ஒப்பிப்பதோடு சரி. பக்கத்திலேயே பாலாறு மணலாகக் கிடக்கிறது. அதில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பையும் பாலைத் திணையையும் மாணவர்கள் ஒரே வகுப்பில் படிக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளே இதைத் தொடங்கலாம். யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம்.