நீல ஸ்டிக்கருக்கு எட்டாயிரம் ரூபாய்

அக்கா பையன் நேற்று ராத்திரி போன் செய்தான். "மாமா, புது லேப்டாப் வாங்கிட்டேன். இதுல டிஸ்க் டிரைவே இல்ல. யூஎஸ்பியில மாட்டுற ப்ளூ-ரே டிரைவ் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். டப்பாவுல 4கேன்னு போட்டிருக்கு. வாங்கலாமா?" ப்ளூ-ரே என்பது டிவிடிக்கு அடுத்து வந்த, படம் இன்னும் துல்லியமாகத் தெரியும் டிஸ்க்; 4கே அதிலும் ஒரு படி மேல். விலை பன்னிரண்டாயிரம் சொச்சமாம். வாயில் போட்ட இட்லி தொண்டையிலேயே நின்றுவிட்டது. பதினான்கு வருஷமாக ஆறிப்போயிருந்த புண்ணை ஒரு போன் காலில் கிளறிவிட்டான்.

2011. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. மேசையில் இரண்டு லேப்டாப்கள் பக்கத்துப் பக்கத்தில். அதே பிராசஸர், அதே ரேம், அதே ஹார்ட் டிஸ்க். ஒன்றில் டிவிடி டிரைவ், மற்றதில் ப்ளூ-ரே. வித்தியாசம் எட்டாயிரம் ரூபாய். கை வைக்கும் இடத்தில் பளபளவென்று ஒரு நீல ஸ்டிக்கர் வேறு. "சார், டிவிடி கதை முடிஞ்சிடுச்சு. இனிமே எல்லாம் இதுதான். இப்பவே வாங்கிட்டா பின்னாடி உதவும்" என்றார் கடைக்காரர்.

நான் ஒன்றும் தெரியாமல் போய் நிற்கவில்லை, அதுதான் கொடுமை. டிவிடியின் இடத்தைப் பிடிக்க எச்டி டிவிடி என்ற இன்னொரு டிஸ்க்குக்கும் ப்ளூ-ரேவுக்கும் நடந்த சண்டையை விடாமல் படித்தவன் நான். 2008 பிப்ரவரியில் எச்டி டிவிடி பக்கம் நின்ற தோஷிபா கையைத் தூக்கியதும், ப்ளூ-ரே ஜெயித்ததும் எனக்கு அத்துப்படி. ஒரு எச்டி டிவிடி அடுக்கில் 15 ஜிபி, ப்ளூ-ரேவில் 25 ஜிபி, சாதா டிவிடியில் வெறும் 4.7 என்று ஆபீஸில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவன். சண்டை முடிந்துவிட்டது, ஜெயித்த குதிரை மேல் பணம் கட்டினால் நஷ்டம் வராது என்று கணக்குப் போட்டேன். அந்தக் குதிரையை வண்டியில் பூட்டவே முடியாது என்று அப்போது யார் சொன்னார்கள்?

முதல் அடி திரையில் விழுந்தது. ப்ளூ-ரே படம் 1920க்கு 1080. என் லேப்டாப்பின் திரை 1366க்கு 768. பெருக்கிப் பாருங்கள். டிஸ்க்கில் இருப்பது ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள், என் திரையில் இருப்பது 10.5 லட்சம். பாதிக்குப் பாதியைக் கொட்டிவிட்டுத்தான் படம் காட்டும். முழு எச்டி டிரைவை வைத்து, அதைக் காட்ட முடியாத திரையையும் வைத்து, இரண்டுக்கும் நடுவில் ஸ்டிக்கர் ஒட்டி விற்றிருக்கிறார்கள். அண்டா நிறைய பாயசம் காய்ச்சி டீஸ்பூனில் ஊற்றுகிற கதை. கடையில் நின்றபோது இந்தப் பெருக்கலைப் போட எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

சரி, பாதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தால் அடுத்தது மென்பொருள். ப்ளூ-ரே படத்தை ஓட்டும் வசதி விண்டோஸில் கிடையாது. அதற்கென்று காசு கொடுத்து வாங்கிய பிளேயர் இருந்தால்தான் ஓடும். என் லேப்டாப்போடு ஒன்று வந்தது. ஆறு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு சனிக்கிழமை ராத்திரி, மாமனார் மாமியார் வந்திருந்த நேரம், வீட்டில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை பெருமையாகப் புது டிஸ்க்கைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினேன். கிர்ர்ர் என்று சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. பிறகு ஒரு சாம்பல் பெட்டி: இந்த டிஸ்க்கைப் பார்க்க மென்பொருளைப் புதுப்பிக்கவும். புதுப்பிக்கப் போனால், இலவசப் பதிப்புக்குப் புதுப்பிப்பு கிடையாது, காசு கட்டி அடுத்த பதிப்புக்கு மாறவும் என்றது. மாமனார் மெல்ல எழுந்து போய் டிவியில் சீரியலைப் போட்டார்.

காசு கொடுத்து வாங்கிய டிஸ்க், காசு கொடுத்து வாங்கிய டிரைவ். இரண்டும் என் வீட்டில் இருக்கின்றன. ஆனாலும் அனுமதி கேட்க வேண்டும்! ஏன் என்று தேடிப் படித்தேன், படித்த பிறகு இன்னும் எரிந்தது. ப்ளூ-ரேவுக்கு ஏஏசிஎஸ் என்று ஒரு பூட்டு உண்டு. பிளேயர் மென்பொருளிடம் ஒரு சாவி இருக்கும். அந்தச் சாவியை எவனாவது திருடி வெளியிட்டால் அதை ரத்து செய்துவிடுவார்கள். ரத்தான சாவிகளின் பட்டியல் எதில் வரும் தெரியுமா? புதிதாக வெளியாகும் படங்களின் டிஸ்க்கில். அதை உள்ளே போட்டதும் டிரைவ் அந்தப் பட்டியலைப் படித்துத் தன் நினைவில் எழுதி வைத்துக்கொள்ளும். உங்கள் மென்பொருளின் சாவி அதில் இருந்தால், நேற்று வரை ஓடிய பழைய டிஸ்க்கும் இன்றைக்கு ஓடாது. எவனோ செய்த திருட்டுக்கு, கடைக்குப் போய் ரசீது வாங்கி வந்தவனுக்குத் தண்டனை. திருடியவனோ பூட்டை உடைத்து, படத்தைப் பென் டிரைவில் போட்டு ஜாலியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பெரிய திரையில் பார்க்கலாமே என்று ஆபீஸில் கழித்துப்போட்ட ஒரு மானிட்டரை மாட்டினேன். அதில் எச்டிசிபி, அதாவது படத்தை யாரும் நகலெடுக்காமல் தடுக்கும் இன்னொரு பூட்டு, இல்லையாம், படம் வராது என்றது. எக்ஸெல் வரும், கல்யாண போட்டோ வரும், ப்ளூ-ரே மட்டும் வராது.

சிங்கப்பூரிலிருந்து நண்பன் ஆசையாக இரண்டு டிஸ்க் வாங்கி வந்தான். ப்ளூ-ரேவில் உலகத்தை ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மண்டலத்துக்கென்று பூட்டிய டிஸ்க் இன்னொன்றில் ஓடாது. சிங்கப்பூர் ஏ, நாம் சி. மண்டலத்தை மாற்றிக்கொள்ள மென்பொருள் எனக்குக் கொடுத்தது மொத்தம் ஐந்து வாய்ப்பு. ரேஷன் கடையில் சர்க்கரை கூட இப்படி எண்ணிக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றில் மண்டலமே கிடையாது, நேராக ஓடியது. இன்னொன்றுக்கு ஒரு வாய்ப்பைச் செலவழித்தேன். படமும் சுமார்தான்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று. குழந்தையின் வீடியோக்கள் சேர்ந்துகொண்டே போயின. ஒரு டிஸ்க்கில் 25 ஜிபி எழுதி வைத்துவிடலாமே, போட்ட காசுக்கு அதாவது ஆகட்டும் என்று தேடி அலைந்து எழுதும் டிஸ்க் ஒன்று வாங்கி வந்தேன். உள்ளே போட்டால், 'இந்த டிரைவில் எழுத முடியாது.' லேப்டாப்பைத் திருப்பி டிரைவின் ஓரத்தில் எறும்பு எழுத்தில் இருந்ததைப் படித்தேன். காம்போ என்று இருந்தது. ப்ளூ-ரேவைப் படிக்கும், டிவிடியை மட்டும்தான் எழுதும் என்று அர்த்தம். கடையில் யாரும் வாய் திறக்கவில்லை. ஸ்டிக்கரிலும் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒரு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டியது கிடையாது. பசை இன்னும் அங்கேயே இருக்கிறது.

2008லேயே ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் இந்த ப்ளூ-ரே உரிமச் சிக்கலை ஒரு மூட்டை வேதனை என்று மேடையிலேயே சொன்னார். ஆப்பிள் கடைசி வரை தன் எந்த மேக் கம்ப்யூட்டரிலும் ப்ளூ-ரே டிரைவ் வைக்கவில்லை. அப்போது அந்த ஆளைத் திமிர் பிடித்தவர் என்று நானும் சேர்ந்து திட்டினேன். வாபஸ்.

டிஸ்க்கைக் குறை சொல்ல மாட்டேன். அதில் இருக்கும் படமும் ஒலியும் உண்மையிலேயே அருமை. வீடியோவுக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை போகும். நெட்ஃபிளிக்ஸ் முழு எச்டிக்கு 5 மெகாபிட் இணையம் போதும் என்கிறது. இருட்டுக் காட்சியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணில்லாதவனுக்கும் தெரியும். அதே டிஸ்க்கை டிவிக்குக் கீழே ஒரு சாதா ப்ளூ-ரே பிளேயரில் போட்டால் பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் ஓடுகிறது. வயிற்றெரிச்சல் எல்லாம், அதைக் கொண்டுபோய் லேப்டாப்பில் சொருகியவர்கள் மேலும், சொருகியதை வாங்கிய என் மேலும்தான்.

இப்போது மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் பார்த்து வைத்திருக்கும் 4கே டிரைவ் இன்னும் பெரிய கூத்து. 4கே ப்ளூ-ரே 2016ல் வந்தது. கம்ப்யூட்டரில் அதை முறைப்படி ஓட்ட வேண்டுமென்றால் இன்டெல் பிராசஸருக்குள் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு அம்சம் இருந்தே ஆக வேண்டும் என்று விதி வைத்தார்கள். போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் பிராசஸர் வைத்திருப்பவன் அன்றைக்கே அவுட். சரி, இன்டெல்காரனாவது பிழைத்தானா? 11ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல்லே அந்த எஸ்ஜிஎக்ஸைத் தன் கோர் பிராசஸர்களிலிருந்து தூக்கிவிட்டது. ஆகவே பழைய லேப்டாப்பில் ஓடியது, புது லேப்டாப்பில் ஓடாது! உலகத்தில் வேறு எந்தச் சாமானுக்காவது இப்படி ஒரு நியாயம் உண்டா? பையனிடம் இருப்பது 13ஆம் தலைமுறை. டிரைவ் டப்பாவில் மட்டும் தங்க எழுத்தில் 4கே. எழுதும் டிஸ்க்காவது வாங்கி வைக்கலாமென்றால், சோனி 2025 பிப்ரவரியோடு அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டது.

இத்தனையும் போனில் அவனிடம் கொட்டினேன். முக்கால் மணி நேரம். இட்லி காய்ந்து கல்லாகிவிட்டது. நடுவில் இரண்டு முறை "மாமா, இருக்கீங்களா?" என்றான், மூச்சு வாங்க நிறுத்தியிருந்தேன். கடைசியில்தான் எனக்கே உறைத்தது, அவனிடம் ப்ளூ-ரே டிஸ்க் எத்தனை இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல மாமா. என் காதுகுத்து டிவிடி இருக்குல்ல, உங்க மடியில உக்காந்து அழுவேனே, அதை அம்மா பார்க்கணும்னாங்க."

"டேய், அதுக்கு ஆயிரத்து ஐநூறு ரூபாய் டிவிடி டிரைவ் போதுமேடா!"

"கடைக்காரரும் அதைத்தான் முதல்ல எடுத்தாரு மாமா. அப்புறம் அவரே, ப்ளூ-ரேவா வாங்கிட்டா பின்னாடி உதவும்னாரு."