வேலை முடிந்தால் வீடும் முடிந்தது

மூணாறு தேயிலை எஸ்டேட்டுகளில் வளர்ந்த நம்மில் அநேகம் பேர் ஆலன் வாக்கர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் சமூகக் கொள்கைப் பேராசிரியர். முதுமை, ஓய்வுக்காலம், வறுமை என்று பல பத்தாண்டுகள் வேலை செய்தவர். அவர் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம்ம லயம்தான், கம்பெனி கட்டிக்கொடுத்த அந்த வரிசை வீடுகள்தான், நினைவுக்கு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1997ஆம் வருஷம். ஐரோப்பிய நாடுகள் பொது நாணயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். எங்கே பார்த்தாலும் பற்றாக்குறை, பணவீக்கம் என்றே பேச்சு. கணக்கெல்லாம் போட்டு முடித்து மிச்சம் இருந்தால் மக்கள் நலனைப் பார்க்கலாம் என்ற போக்கு பிடிக்காத அறிஞர்கள் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். வொல்ஃப்காங் பெக், லாரன்ட் வான் டெர் மேசன், வாக்கர் ஆகிய மூவரும் அதில் முன் நின்றவர்கள். அந்த முயற்சியில் வளர்ந்த கருத்துதான் 'சமூகத் தரம்'. ஒருவர் தன் ஊரின் வாழ்க்கையில் எந்த அளவுக்குப் பங்கெடுக்க முடிகிறது, அதனால் அவருடைய நலனும் திறமையும் வளர்கின்றனவா என்பதுதான் அதன் கேள்வி. அதற்கு நான்கு நிலைமைகளைச் சொன்னார்கள்: ஒன்று, வருமானம், வீடு, உடல்நலம் ஆகியவற்றில் பாதுகாப்பு; இரண்டு, யாரையும் வெளியே நிறுத்தாமை; மூன்று, மக்களுக்குள் நம்பிக்கையும் பிணைப்பும்; நான்கு, தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கும் வலு. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பது என்னை மிகவும் ஈர்த்தது.

ஏனென்றால் நம்மிடம் மூன்றாவது தாராளமாக இருக்கிறது. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் யாரும் கூப்பிட வேண்டியதில்லை, எஸ்டேட்டின் பக்கத்துப் பிரிவான டிவிஷன்காரர்களும் வந்து நிற்பார்கள். 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10ஆகக் குறைத்தபோது பெண்கள் ஒன்பது நாள் ரோட்டில் உட்கார்ந்தார்களே, அப்போது ஒரு நாள் கூலி 232 ரூபாய். கம்பெனியை மட்டுமா எதிர்த்தார்கள்? தங்கள் பேரைச் சொல்லிப் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே சேர்க்கவில்லை. கடைசியில் 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று உலகமே பேசியது. நானும் பெருமைப்பட்டேன், இன்றும் படுகிறேன். ஆனால் "எஸ்டேட் ஜனங்க ஒற்றுமையானவங்க" என்று பாராட்டிவிட்டு வீட்டுப் பிரச்சினையைத் தொடாமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒற்றுமை கூரை ஆகாது.

எங்கள் எதிர் வீட்டு அக்கா பி.காம். படித்தவர். அவர் அம்மாவுக்கு ஓய்வு வயது வந்தது. குடும்பத்தில் ஒருவராவது எஸ்டேட்டில் பேர் பதிந்தால்தான் அந்த ஒற்றை அறையும் அடுப்படியும் மிஞ்சும். இல்லையென்றால் காலி பண்ண வேண்டும். காலி பண்ணும் வரை, இத்தனை வருஷம் உழைத்ததற்கு ஓய்வின்போது தரும் சர்வீஸ் பணமும் கைக்கு வராது என்றார்கள். அம்மா பிறந்ததே இங்கேதான். தமிழ்நாட்டில் போய் இறங்க ஒரு திண்ணைகூடக் கிடையாது. அக்கா பேர் பதிந்துவிட்டார். இப்போது காலையில் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போகிறார். பட்டச் சான்றிதழ் கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில், அம்மாவின் சர்வீஸ் காகிதங்களோடு சேர்ந்து கிடக்கிறது. வீடு இருக்கிறது, கூலி இருக்கிறது, ரேஷன் இருக்கிறது. அப்போ பாதுகாப்பு இருக்கிறது என்று ஒரு புள்ளிவிவரக்காரர் எழுதிக்கொள்ளலாம். அந்தப் பாதுகாப்புக்காக அக்கா எதைக் கொடுத்தார் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நான்காவது நிலைமையை விற்று முதலாவதை வாங்கியிருக்கிறார்.

வாக்கர் ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. ஹாங்காங் அறிஞர் சாக்-கீ வோங்குடன் சேர்ந்து 2005இல் கிழக்கு ஆசிய நல அமைப்புகள் பற்றி ஒரு நூல் தொகுத்தார். 'நல அரசு' என்பதன் இலக்கணமே மேற்கு நாடுகளைப் பார்த்து வரைந்தது, அதனால்தான் சீனா போன்ற நாடுகள் கணக்கிலேயே வரவில்லை என்பது அவர்கள் இருவரின் வாதம். பழைய சீன நகரங்களில் வேலை செய்யும் இடமே வீடு, வைத்தியம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் கொடுத்தது. நமக்குப் புரியாதா இது? கம்பெனி வீடு, கம்பெனி ஆஸ்பத்திரி என்று வளர்ந்தவர்கள் நாம். அங்கே 1990களின் கடைசியில் அரசு ஆலைகள் ஆட்களைக் குறைத்தபோது கோடிக்கணக்கானவர்கள் சம்பளத்தோடு அந்த ஏற்பாட்டையும் சேர்த்து இழக்க நேர்ந்தது. வேலையோடு கட்டிப்போட்ட நலன் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு.

கேரளத்தின் சராசரிகளை நான் குறைத்துப் பேசவில்லை. எழுத்தறிவும் குழந்தைகள் பிழைத்திருப்பதும் இந்த மாநிலம் பாடுபட்டுச் சம்பாதித்தவை, நமக்கும் அதில் பங்கு கிடைத்திருக்கிறது. ஆனால் சராசரிக்குள் லயம் தெரியாது. பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டால் 1950க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். லயத்துக்கு ஏது பட்டா? தாத்தா மண் வெட்டிப் போட்ட ரோடு இருக்கிறது, அவர் பேரில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. வீடு சொந்தமில்லை என்ற ஒன்று எத்தனை இடத்தில் வந்து குறுக்கே நிற்கிறது பாருங்கள்.

பெட்டிமுடியைச் சொல்லாமல் முடியாது. மூணாறு பக்கத்து அந்த எஸ்டேட்டில் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேரை இழந்தோம். நிறைய குடும்பங்களுக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. நடந்தது வெளியுலகத்துக்குத் தெரியவே மறுநாள் காலை ஆனது. இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்த ஜனங்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. கம்பெனி எங்கே வரிசை கட்டியதோ அங்கே படுத்தார்கள்.

அதனால் நான் கேட்பது இதுதான். ஓய்வு பெறும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வேலையோடு ஒட்டாத, தன் பேரில் பட்டா உள்ள இடமும் வீடும் வேண்டும். அது கம்பெனியின் தயவாக இல்லாமல் அரசின் கடமையாக இருக்க வேண்டும். சர்வீஸ் பணத்தையும் வீட்டுச் சாவியையும் முடிச்சுப் போடும் வழக்கம் நிற்க வேண்டும். அப்புறம், பஞ்சாயத்துகள் மாநிலச் சராசரியை எடுத்து வாசிப்பதை விட்டு இந்த நான்கு நிலைமைகளையும் லயம் லயமாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும்.

தேவிகுளம், பீருமேடு பக்கத்து நண்பர்களே, உங்கள் டிவிஷனில் கடந்த ஐந்து வருஷத்தில் ஓய்வு பெற்றவர்கள் இப்போது எங்கே குடியிருக்கிறார்கள் என்று விசாரித்து கமென்டில் எழுதுங்கள். பேர் வேண்டாம், டிவிஷனும் ஊரும் போதும். அடுத்த கிராமசபைக்கு நான் அதை எடுத்துக்கொண்டு போகிறேன்.