‘ஹேவ்’ வந்தால் ‘ஆபெர்’ போதுமா?

“ஸ்பானிஷ்காரர்களுக்கு ஆங்கிலத்தின் பிரசன்ட் பெர்ஃபெக்ட் தனியாகப் படிக்கவே வேண்டாம், ‘ஆபெர்’ இருக்கும் இடத்தில் ‘ஹேவ்’ போட்டால் முடிந்தது” என்று மொழிப் பயிற்சிக் குறிப்புகளில் ஒரு வரி சுற்றுகிறது. தவறு. ‘ஐ ஹேவ் ஈட்டன்’ போன்ற பிரசன்ட் பெர்ஃபெக்டில் ‘ஹேவ்’ செய்யும் துணைவினை வேலையை ஸ்பானிஷில் ‘ஆபெர்’ செய்கிறது. அமைப்பு ஒன்றுதான், பயன்பாடு வேறு.

காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டதை மாட்ரிட்காரர் அன்றைக்கே சொன்னால், ‘ஏ தெசயுனாதோ அ லாஸ் ஓச்சோ’ என்பது அங்கே இயல்பான பேச்சு (‘ஏ’ என்பது ‘ஆபெர்’ வினையின் வடிவம்). அதை அப்படியே ‘ஐ ஹேவ் ஹேட் பிரேக்ஃபாஸ்ட் அட் எய்ட்’ என்று மாற்றினால் பிழை. முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ஆங்கிலம் ‘ஹேட்’ என்ற எளிய இறந்தகாலத்தைத்தான் கேட்கும்.

மெக்சிகோவில் கதையே வேறு. அங்கே ‘யா கொமீ’ (‘சாப்பிட்டாச்சு’) என்று எளிய இறந்தகாலத்திலேயே பேசிவிடுவார்கள். ஆக, ‘ஸ்பானிஷ்காரர்கள்’ என்று எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்ப்பதே முதல் கோளாறு.

எதிர்த்திசையிலும் இந்தச் சூத்திரம் உதைக்கிறது. ‘பீபோ அகீ தெஸ்தே ஆசே தியெஸ் ஆன்யோஸ்’ என்பதில் ‘ஆபெர்’ துணைவினையாக வரவே இல்லை, வினை நிகழ்காலத்தில் நிற்கிறது. ஆங்கிலத்திலோ ‘ஐ ஹேவ் லிவ்டு ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’. (“பத்து வருஷமா இங்கதான் இருக்கேன்” என்கிற நாமும் ‘ஐ ஆம் லிவிங் ஹியர்’ என்று இதே இடத்தில்தான் சறுக்குகிறோம்.)