டெண்டர் பெட்டி மூடும் நேரமும் பில் காசு வரும் நேரமும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பத்தொன்பது வருஷமாக ஒரு சின்ன அச்சகம் நடத்துகிறேன். ஒரு ஓஃப்செட் மெஷின், ஒரு கட்டிங் மெஷின், இலக்கம் அடிக்கும் கைமெஷின் ஒன்று, என்னோடு சேர்த்து நாலு பேர். பில் புத்தகம், ரசீதுப் புத்தகம், பதிவேடு, கலியாணக் கார்ட் எல்லாம் அடிப்போம். நேற்றுக் காலை கதவைத் திறக்கும்போதே பக்கத்துக் கடை அண்ணா பத்திரிகையை மடித்துக்கொண்டு வந்தார். "தம்பி, அடுத்த வருஷத்துக்கு வழங்குநர் பதிவு கேட்டிருக்கிறாங்க. நாங்களும் போடுவமா?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வருஷக் கடைசியில் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று ஒவ்வொன்றும் இந்த அறிவித்தலைப் போடும்: அடுத்த வருஷம் தங்களுக்குப் பொருளோ வேலையோ கொடுக்க விரும்புகிறவர்கள் பெயரைப் பதிய வேண்டும். ஒவ்வொரு சபைக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். காகிதாதி ஒரு பிரிவு, அச்சுவேலை இன்னொரு பிரிவு என்று பிரிவுக்குப் பிரிவு காசு. கட்டிய காசு திரும்பி வராது. வருஷம் முழுக்க ஒரு விலைக்கோரல் கூட வராமல் போகலாம். அடுத்த வருஷம் அதே வியாபாரப் பதிவுப் பிரதியோடு மறுபடியும் முதலிலிருந்து.

பெரிய வேலை என்றால் பிணைமுறி, அதாவது போட்ட விலையிலிருந்து பின்வாங்க மாட்டோம் என்பதற்கு வங்கி தரும் உத்தரவாதம். இருபது லட்சத்துக்கு டெண்டர் போட்டபோது நாற்பதாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டார்கள். கேட்க சின்னத் தொகைதான். ஆனால் என்னைப் போல ஆளுக்கு வங்கி சும்மா பிணை தராது. முழுத்தொகையையும் கேஷ் மார்ஜினாக, அதாவது ஈட்டுப் பணமாக, பிடித்துக்கொண்டு மேலே கமிஷனும் எடுக்கும். விலைமனு செல்லுபடியாகும் காலம் 91 நாள், அதற்கு மேல் 28 நாள், ஆக 119 நாள் அந்தக் காசு முடங்கிக் கிடக்கும். பெரிய கம்பனிக்கு அது ஒரு கடிதத்தோடு முடியும் வேலை. எனக்கு அது இரண்டு மாதக் கரண்ட் பில்.

அப்புறம் அனுபவம். கடந்த ஐந்து வருஷத்தில் இதே அளவு வேலை செய்திருக்க வேண்டுமாம். வேலை தந்தால்தானே அனுபவம் வரும்?

இதன் விளைவை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். மெஷினே இல்லாத, ஃபைல் மட்டும் ஒழுங்காக வைத்திருக்கும் ஒருவர் டெண்டரை எடுப்பார். பிறகு அதே வேலை கைமாறிக் கைமாறி கொட்டாஞ்சேனை, மலிபன் வீதிப் பக்கத்துச் சின்ன அச்சகங்களுக்குத்தான் வந்து சேரும். சபைக்கு அவர் போட்ட விலைக்கும் எனக்குத் தரும் விலைக்கும் இடையில் இருக்கும் காசு யாருடையது? வரி கட்டும் சனத்துடையது. மை பூசியவன், தாள் அடுக்கியவன், இரவு இரண்டு மணிவரை இலக்கம் அடித்தவன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

விதிமுறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டெண்டர் திறக்கும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பிற்பகல் 2.00 மணிக்குப் பெட்டி மூடப்படும். உடனேயே எல்லோருக்கும் முன்னால் உறைகளைப் பிரித்து, பெயரையும் தொகையையும் சத்தமாக வாசிப்பார்கள். யாரும் யாருடைய விலையையும் ஒளித்து மாற்ற முடியாது. ஒருமுறை ஒரு வயதான ஐயா, சட்டை நனைய ஓடி வந்தார், கையில் பிரவுண் உறை. மணி 2.04. வாங்க முடியாது என்று விட்டார்கள். சட்டப்படி அது சரிதான். அவர் ஒரு வார்த்தை பேசாமல் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிய காட்சி எனக்கு மறக்கவில்லை.

நாலு நிமிஷத்துக்கு அவ்வளவு கண்டிப்பு. சரி. அந்தக் கண்டிப்பு எங்களுக்குக் காசு தரும் நாளில் எங்கே போகிறது?

கொழும்பைச் சுற்றியுள்ள ஒரு சபைக்கு 500 ரசீதுப் புத்தகம் அடித்துக் கொடுத்தேன். மூன்று பிரதி, புத்தகத்துக்கு ஐம்பது ரசீது, தொடர் இலக்கம். பிந்தினால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தண்டம் ஒப்பந்தத்திலேயே இருந்தது. இரண்டு நாள் முந்தியே கொடுத்தேன். களஞ்சியத்தில் எண்ணிப் பார்த்துக் கையெழுத்தும் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஏழு மாதம். போனால், "காசு கொடுக்கிற வவுச்சர் மேலே போயிருக்கு தம்பி, அடுத்த கிழமை வாங்க" என்பார்கள். அடுத்த கிழமை போனால், "மிஸ் லீவு". இன்னொரு நாள், "நிதி வரவில்லை". காகிதம் தந்த புறக்கோட்டைக் கடைக்கு நான் கொடுத்ததோ முப்பது நாள் செக். அதைத் திரும்ப விடாமல் காக்க மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

2022ஐ நினைத்தால் இன்னும் நெஞ்சு படபடக்கும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. மேல்மாகாணத்தில் காகிதம் இல்லாமல் பாடசாலைத் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது. ஆனால் நான் கையெழுத்திட்ட விலை பழைய விலை. என் ஒப்பந்தத்தில் மாற்ற இடமில்லை. செய்தால் நட்டம், விட்டால் பிணை போகும். செய்தேன். அந்தக் காசும் பிந்தித்தான் வந்தது.

அதிகாரிகளின் பக்கமும் எனக்குத் தெரியும். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டப்படி, பிழையான கொடுப்பனவால் வரும் நட்டத்தைக் கையெழுத்து வைத்தவரிடமே அறவிடலாம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பிழையாகக் கொடுத்தால்தான் கேள்வி, கொடுக்காமல் வைத்திருந்தால் ஒன்றுமில்லை என்றால், எந்த மனிதரும் ஃபைலை மேசையில் கிடக்கத்தான் விடுவார். போதாக்குறைக்கு 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025 மே 6 தேர்தல் வரை, எங்களுக்காகக் கேட்க ஒரு உறுப்பினர் கூட இருக்கவில்லை.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு தொழில்களிடம் வாங்கினால் 45 நாளுக்குள் காசு கொடுத்தாக வேண்டும். தவறினால் வங்கி வீதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டி. மத்திய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்வனவில் 25 சதவீதத்தைச் சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்றும் இருக்கிறது. அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்குகிறவருக்கும் ஒரு தவணை இருக்கிறது, அது எழுத்தில் இருக்கிறது. கையில் பிடித்துக்கொண்டு கேட்க ஒரு தாள்.

எங்கள் சபைகளுக்கும் தவணை என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். வருஷத்து மதிப்பீட்டு வரியை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவு. கட்டாமல் விட்டால் வரியை அறவிடச் சபை அனுப்பும் வாரண்டின் செலவும் சேர்ந்து வரும். என் கடைக்கும் ஒருமுறை வந்தது. அதைக் கட்டப் போன அன்று அதே சபைக் கட்டடத்தின் மேல்மாடியில் எனக்கு வரவேண்டிய பில் ஐந்து மாதமாகக் கிடந்தது. கீழே நான் வாரண்ட் காசு கட்டினேன்.

புதிதாக வந்திருக்கும் உறுப்பினர்களிடம், எந்தச் சபையானாலும், எந்தக் கட்சியானாலும், ஒன்று கேட்கிறேன். மாதாந்தக் கூட்டத்தில் எழும்பி, அறுபது நாள் தாண்டிய வவுச்சர் எத்தனை, யார் யாருக்கு, எவ்வளவு என்று பட்டியல் கேளுங்கள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு சபைக்குக் கொடுத்த பதிவை மற்றச் சபைகளும் ஏற்கட்டும். சின்ன டெண்டர்களுக்குப் பிணைமுறிக்குப் பதிலாகக் கையொப்பமிட்ட உறுதிமொழி போதும் என்று தீர்மானியுங்கள். விண்ணப்பப் படிவத்தைத் தமிழிலும் வையுங்கள். பக்கத்துக் கடை அண்ணா நாற்பது வருஷம் வியாபாரம் செய்தவர். ஆங்கிலப் படிவத்தை நிரப்ப ஒவ்வொரு வருஷமும் யாரிடமாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது.

மத்தியானம் அவருடைய படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். என்னுடையது இன்னும் லாச்சியில் இருக்கிறது. கடைசித் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள்.