நாகேஷுக்கு விருது சரிதான், படம்தான் வேற

நேற்று ராத்திரி டிவியில் ‘மகளிர் மட்டும்’. பாதியில்தான் உட்கார்ந்தேன். ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூன்று பேரும் தங்கள் மேனேஜர் செத்துவிட்டார் என்று நினைத்து, யாரோ ஒருவருடைய பிணத்தை வைத்துக்கொண்டு அல்லாடுகிற இடம். அந்தப் பிணம்தான் நாகேஷ்.

படம் வந்தது 1994இல். ‘நம்மவர்’ வந்ததும் அதே வருஷம். அதில் மகளைப் பறிகொடுத்துவிட்டு உடைந்துபோகிற அப்பா. இதில் அவரே பிணம். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது ‘நம்மவர்’ படத்துக்குக் கிடைத்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் காட்சியை இன்னொரு தடவை பார்க்கிற தெம்பு எனக்கில்லை. ஆனால் என்னைக் கேட்டால் பிணத்துக்குத்தான் கொடுத்திருப்பேன்.

அந்த உடம்பு என்ன உடம்பு என்று யோசித்துப் பாருங்கள். தாராபுரத்துக்காரர், ரயில்வேயில் குமாஸ்தா, முகமெல்லாம் அம்மைத் தழும்பு. கதாநாயகன் முகம் என்று அந்தக் காலத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சரி, முகம் போனால் போகட்டும் என்று கை, கால், தோள், கழுத்து எல்லாவற்றையும் பேச வைத்துவிட்டார். ‘திருவிளையாடல்’ தருமியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஆயிரம் பொன் கைநழுவிய ஏழையின் தவிப்பு தோள்பட்டையிலேயே தெரியும். (‘காதலிக்க நேரமில்லை’ பேய்க்கதைக் காட்சியில் மட்டும் என் ஓட்டு பாலையாவுக்கு. பயப்படுகிறவர் சரியாகப் பயந்தால்தான் சொல்கிறவர் ஜெயிப்பார். இதற்கு வீட்டில் சண்டையே நடந்திருக்கிறது.)

‘சர்வர் சுந்தரம்’, ‘எதிர்நீச்சல்’ மாது, ‘தில்லானா மோகனாம்பாள்’ வைத்தி என்று முப்பது வருஷத்துக்கும் மேலாகத் துள்ளிய உடம்பு அது. அறுபது வயதில் அதை அப்படியே போட்டுவிடச் சொல்கிறார்கள். போட்டுவிடுகிறார். தூக்கினால் தூக்கிய பக்கம் சாய்கிறார், விட்டால் சரிகிறார். சிரிப்பு நடிகனுக்கு அந்த இடத்தில் ஒரு புருவத்தையாவது அசைக்கக் கை அரிக்கும். இவர் சிரிப்பை எல்லாம் அந்த மூன்று பெண்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டுச் சும்மா கிடக்கிறார்.

2009 ஜனவரியில் போய்ச் சேரும் வரை ஒரு பத்ம விருதுகூட வரவில்லை. அது தனிக் கதை, இன்றைக்கு வேண்டாம்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: “ஏன்டா, அந்த மனுஷன் மூச்சே விடலையா?”