பிரிட்ஜ் வேற, பேரலல் வேற

"குடியாத்தம் சிரசு திருவிழாவுக்கு ரெண்டு 8 ஓம் பேஸ் பாக்ஸையும் பேரலல் பண்ணி பிரிட்ஜ்ல போடுங்க, பவர் நாலு மடங்கு. பேரலல் மோனோவும் அதேதான்"னு ஆம்ப் (ஸ்பீக்கர் பாக்ஸுக்கு பவர் தர்ற ஆம்ப்ளிஃபையர்) பத்தி ஒரு அண்ணன் எழுதியிருக்கார். ரெண்டுமே தப்புண்ணே.

பிரிட்ஜ்னா ஆம்ப்போட ரெண்டு சேனலையும் சேர்த்து ஒரே அவுட்புட்டா ஓட்டறது. அதுல ரெண்டு சேனலும் எதிரெதிர் ஃபேஸ்ல (ஒண்ணு மேல போகும்போது இன்னொண்ணு கீழ) ஓடும். அதனால ஒவ்வொரு சேனலுக்கும் பாதி ஓம்தான் (ஓம்னா மின்தடை அளவு) தெரியும். ரெண்டு 8 ஓம் பாக்ஸ் பேரலலா சேர்ந்தா 4 ஓம். சேனலுக்கு 2 ஓம். 2 ஓமுக்கு ரேட் பண்ணாத ஆம்ப் தன்னைக் காப்பாத்திக்க ப்ரொடெக்ட் மோடுக்குப் போகும், இல்ல அவுட்புட் டிரான்சிஸ்டர் எரிஞ்சு போகும். நாலு மடங்கு கணக்கு ஏட்டுச் சுரைக்காய். சேனலுக்கு 8 ஓமில் 500, 4 ஓமில் 800 வாட் தர்ற ஆம்ப், பிரிட்ஜ்ல 8 ஓமுக்கு 1600தான் தரும்.

பிரிட்ஜ்ல வயர் ரெண்டு சிவப்பு டெர்மினலுக்கும் நடுவுல. கறுப்புல மாட்டவே கூடாது. ஸ்பீக்கான் (திருகிப் பூட்டற ஸ்பீக்கர் பிளக்)னா பெரும்பாலும் 1+, 2+. ஆம்ப் முதுகுல அச்சடிச்சிருக்கும், பாருங்க.

பெரும்பாலான ஆம்ப்ல பேரலல் மோனோ சுவிட்ச் ரெண்டு சேனலோட இன்புட்டை மட்டும்தான் சேர்க்கும். சேனலுக்கு ஒரு பாக்ஸா தனித்தனியா மாட்டணும். மேனுவல் சொல்லாம ரெண்டு அவுட்புட்டையும் வயர் போட்டு இணைச்சா ஆம்ப் காலி. அந்த ரெண்டு பாக்ஸுக்கு, சேனலுக்கு ஒண்ணா மாட்டற இந்த பேரலல் மோனோ மோடுதான் சரி.

மீட்டர் வச்சா 8 ஓம் பாக்ஸ் 6 கிட்ட காட்டும். பயப்படாதீங்க, அது டிசி ரீடிங் (காயில் வயரோட தடை மட்டும்).