‘இரண்டு மடங்கு வேகம்’ என்பது முழு உண்மையன்று

என்விடியாவின் கிராபிக்ஸ் கார்டுகளைப் பற்றி, “ஆர்டிஎக்ஸ் 5090, 4090-ஐவிட இரண்டு மடங்கு வேகம், பழையதை விற்றுவிட்டு உடனே வாங்கலாம்” என்று தம்பி ஒருவர் எழுதியிருப்பது படிப்பவர்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். 2025 ஜனவரியில் என்விடியா சொன்ன அந்தக் கணக்கு டிஎல்எஸ்எஸ் 4 என்ற, ஏஐ மூலம் கூடுதல் பிரேம்களை (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களை) உருவாக்கும் நுட்பத்தின் துணையோடு வந்தது. கார்டு உண்மையாக வரையும் ஒவ்வொரு பிரேமுக்கும் 4090 ஒரு பிரேமை ஊகித்துச் சேர்க்கும், 5090 மூன்று வரை சேர்க்கும். ஆகவே திரையில் எண்ணிக்கை கூடுகிறதே தவிர, மவுஸை அசைத்ததும் கேம் பதில் தரும் வேகம் அதே அளவில் கூடுவதில்லை. குடா கோர்கள், அதாவது கார்டில் கணக்குப் போடும் அலகுகள், 16,384-லிருந்து 21,760 ஆகியிருக்கின்றன. இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மின் தேவையும் 450 வாட்டிலிருந்து 575 வாட்டாக ஏறியிருக்கிறது.

பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் எனக்கு 32 ஜிபி நினைவகமும், நிற விவரம் கூடுதலாகப் பதிவான 4:2:2 வகை வீடியோக் காட்சிகளை நேரடியாகக் கையாளும் வசதியும் மெய்யாகவே பெரிய உதவி. அந்த வேலை உள்ளவர்கள் தாராளமாக யோசிக்கலாம். ஆனால் நம் வீடுகளில் மேசைக்கடியில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும் என்பதால், கேம் ஓடும்போது கரண்ட் போனால் சிஸ்டம் அப்படியே அணைந்துவிடும். பெரிய யுபிஎஸ் வாங்கும் செலவையும் கார்டின் விலையோடு சேர்த்தே பாருங்கள். கேமுக்காக மட்டும் 4090 வைத்திருப்பவர் அதை விற்க வேண்டியதில்லை.